அலையில்லாத கால்வாய்

இன்றைக்குத் தார்ச் சாலை போட்டிருக்கும் இடத்திலெல்லாம் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்த முன்னொரு காலத்தில், ஒரு ராஜா நாடாண்டுகொண்டிருந்தார். எந்த நாடு, என்ன பெயர் என்றெல்லாம் கேட்காதீர்கள். சொன்னால் உங்களில் ஒருவர் எழுந்து, "அவர் எங்கள் பாட்டனாருக்குப் பாட்டனார்" என்று சண்டைக்கு வருவார். எனக்கு எதற்கு வம்பு? ராஜா நல்லவர், அது போதும். ஒரே ஒரு குறைதான். திடீரென்று ஏதாவது ஓர் ஆசை அவர் தலைக்கேறிவிடும். ஏறினால் லேசில் இறங்காது.

அந்த நாட்டின் நடுவே ஒரு கால்வாய். ஆற்று மதகில் தொடங்கி, தலைநகரின் வழியாக வளைந்து, கடலோரத்து உப்பளம் வரை போகும். உப்பு, விறகு, வைக்கோல், தேங்காய் எல்லாம் அதில்தான் வரும், போகும். படகுக்காரர்கள் படகிலேயே பிறந்து, படகிலேயே குடித்தனம் நடத்தினார்கள். ஒரு மூலையில் மணல் பரப்பி அடுப்பு, இன்னொரு மூலையில் கோழிக்கூடு, நடுவில் உப்பு மூட்டை, மூட்டைமேல் தூக்கம். தவழுகிற பிள்ளையின் இடுப்பில் ஒரு கயிற்றைக் கட்டி, மறுமுனையைப் படகின் நடுக்கம்பத்தில் முடிந்திருப்பார்கள். பிள்ளை தண்ணீரில் விழுந்தால், கிணற்று வாளியை இழுப்பதுபோல இழுத்துப் போட்டுவிட்டு, அம்மாக்காரி பாட்டுக்குக் குழம்பைக் கிளறுவாள்.

அவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. படகை எங்கே கட்டினாலும், அடுப்புப் பற்றவைக்கும் முன்னால், கால்வாயின் அடியிலிருந்து ஒரு கூடைச் சேறும் பாசியும் அள்ளிக் கரையில் கொட்ட வேண்டும். கொட்டாமல் உலை வைக்கிற குடும்பத்தில் யாரும் பெண் எடுக்க மாட்டார்கள், அவ்வளவு கண்டிப்பு. தென்னந்தோப்புக்காரர்கள் அந்தச் சேற்றை மரத்தடியில் போட்டுக்கொண்டு, பதிலுக்கு ஒரு கட்டுக் கீரையோ நாலு தேங்காயோ வைத்துவிட்டுப் போவார்கள். அதனால் கால்வாய் ஆழமாக இருந்தது, தண்ணீர் தெளிவாக இருந்தது. ஏன் தெளிவாக இருக்கிறது என்று அரண்மனையில் ஒருவரும் யோசித்ததில்லை.

யோசித்திருக்க வேண்டியவர் திருமேனிநாதர். நீர்வழி நாயகர் என்று பட்டம் கட்டிக் கால்வாய்க்கு அவரைத்தான் அதிகாரியாக வைத்திருந்தார்கள். ஆனால் மனிதருக்குத் தண்ணீர் என்றாலே நடுக்கம். கால்வாயைப் பார்வையிடப் பல்லக்கில் போவார், அந்தப் பல்லக்கும் கரையைவிட்டு நன்றாகத் தள்ளியே போகும். வாய் நிறைய வெற்றிலை. கரையில் குவிந்த சேற்றைக் கண்டால் மூக்கைப் பிடித்துக்கொண்டு, "இந்தப் படகுக்காரர்கள் ஊரையே நாறடிக்கிறார்கள்" என்பார். காலை நனைக்காத ஆளைப் பார்த்துத்தான் தண்ணீருக்கு அதிகாரியாகப் போடுவார்கள்போல. அந்தக் காலத்தைச் சொல்கிறேன், ஐயா. நீங்கள் வேறு யாரையும் நினைத்துக்கொள்ள வேண்டாம்.

அதே சபையில் பூவலிங்கம் என்று ஒரு விகடகவி இருந்தான். படகில் பிறந்தவன். ஒருமுறை ராஜா படகுச் சவாரி போனபோது, கழி தள்ளிக்கொண்டே இவன் அடித்த பேச்சைக் கேட்டு ராஜாவுக்குச் சிரித்துச் சிரித்து விக்கல் எடுத்துவிட்டது. அப்போதே அரண்மனைக்கு அழைத்து வந்துவிட்டார். அன்றிலிருந்து திருமேனிநாதருக்கு வயிற்றெரிச்சல். தான் ஒரு மணி நேரம் பேசினால் கொட்டாவி விடுகிற ராஜா, இந்தப் படகுக்காரன் வாயைத் திறக்கும் முன்னாலேயே சிரிக்கிறாரே என்று.

இப்படி இருக்கையில், ஒரு புலவர் வந்து ராஜாவைப் பாடினார். கரையில் ஓர் அரண்மனை, கால்வாயில் அதன் நிழல் ஓர் அரண்மனை, ஆக இரண்டு அரண்மனை உடைய ஒரே மன்னர் நீர்தான் என்று. அவ்வளவுதான், ராஜாவுக்கு ஆசை தலைக்கேறியது. தினமும் விடிந்ததும் மேல்மாடத்தில் நின்று தன் இரண்டாவது அரண்மனையைப் பார்ப்பார். ஒருநாள் காலை அப்படிப் பார்த்துக்கொண்டிருக்கும்போது ஓர் உப்புப் படகு அந்தப் பக்கமாக வந்தது. கோபுரம் நெளிந்தது, மதில் உடைந்தது. படகில் இருந்தவள் அரண்மனைப் படித்துறையில் படகைக் கட்டி, தொபீரென்று ஒரு கூடைச் சேற்றை வேறு அள்ளிப் போட்டாள். மிச்சமிருந்த மாடமும் போயிற்று. அவள் வேறு யாரும் இல்லை, பூவலிங்கத்தின் அக்காள் மருதாயி.

அன்று சபையில் ராஜாவின் முகம் கடுகடுவென்று இருந்தது. திருமேனிநாதர் எழுந்து கை கட்டி நின்றார்.

"மன்னர் பெருமானே, தங்கள் இரண்டாம் அரண்மனையைத் தினந்தோறும் இடிப்பவர்கள் படகுக்காரர்கள். வரும் ஆடி நீர்விழா வரையிலாவது கால்வாயில் ஓர் அலையும் எழலாகாது என்று ஆணையிடுங்கள். மீறி அலை எழுப்புகிறவர், தம் குலத்தோடு கால்வாயை விட்டு வெளியேற வேண்டும். இதைக் காக்கும் பொறுப்பை நம் விகடகவியிடம் ஒப்படைக்கலாம். தண்ணீரில் பிறந்தவர் அல்லவா?"

சபையே பூவலிங்கத்தைத் திரும்பிப் பார்த்தது. கண்ணி எங்கே இருக்கிறது என்று அவனுக்கு உடனே புரிந்தது. படகு ஓடினால் அலை எழும். ஒரு படகு எழுப்பினால் போதும், மருதாயி முதல் கைக்குழந்தை வரை அத்தனை பேரும் கால்வாயை விட்டுப் போக வேண்டும். ஆனாலும் கவலையை முகத்தில் காட்டாமல் வணங்கினான்.

"ஆணைப்படியே, மன்னா. ஒரு சந்தேகம். அலை எழுப்புகிறவர் என்றால், யாராயினுமா?"

"யாராயினும்" என்றார் ராஜா.

"யானையாயினும்? அரண்மனைப் பணியாளராயினும்?"

"யாராயினும் என்றேனே! நானே ஆயினும்தான். நாளை சூரியோதயம் முதல் ஆணை நடக்கட்டும். அதைக் காக்க நீ எது செய்தாலும் யாரும் குறுக்கே வரக் கூடாது."

"போதும் மன்னா, போதும்" என்று பூவலிங்கம் பின்னுக்கு நகர்ந்தான். நேரே படித்துறைக்கு ஓடினான்.

மருதாயி மீன் குழம்பு கொதிக்க வைத்துக்கொண்டிருந்தாள். விஷயத்தைக் கேட்டதும் கரண்டியை ஓங்கிக்கொண்டு எழுந்துவிட்டாள்.

"ஏண்டா, அவரு சொன்னாரு, நீயும் தலைய ஆட்டிட்டு வந்துட்டியா? கரைக்குப் போனதும் மூளையும் காஞ்சு போச்சா?"

"அக்கா, கொஞ்சம் கேளேன்."

"என்னத்தக் கேக்கறது? தரையில படுத்தா எனக்குத் தூக்கமே வராதுடா. தம்பி கல்யாணமாச்சேன்னு உன் வீட்டுல ஒரு ராத்திரி படுத்தேன். ஆடாம அசையாம கெடந்து, பொணம் மாதிரி இருந்துச்சு. இதுங்கள எல்லாம் கூட்டிக்கிட்டு நான் எங்கடா போவேன்?" என்று பிள்ளைகளைக் காட்டினாள். குரல் உடைந்துவிட்டது. கடைக்குட்டி இடுப்புக் கயிற்றை வாயில் வைத்துச் சப்பிக்கொண்டிருந்தது.

பூவலிங்கத்துக்கும் கண் கலங்கிவிட்டது. துடைத்துக்கொண்டு, "நீ எங்கயும் போக வேண்டாம். பொழுது சாயறதுக்குள்ள எல்லாப் படகையும் கடலோரக் காயலுக்கு ஓட்டிட்டுப் போயிடு. ஆணை கால்வாய்க்குத்தான், காயலுக்கு இல்ல. அங்க மீன் கெடைக்கும், உப்பளத்து வேலையும் இருக்கு. விழா அன்னிக்குக் கரைவழியா நடந்து வா, போதும்" என்றான்.

"அப்ப இங்க சேறு யாரு அள்ளறது? நாம போயிட்டா பாசி சும்மா இருக்குமா?"

"யாரும் அள்ள வேண்டாம். அதுதான் ராஜாவோட உத்தரவு."

மருதாயி அவனை உற்றுப் பார்த்தாள். பிறகு மெல்ல உட்கார்ந்து, அவனுக்கு ஒரு தட்டில் சோறு போட்டாள். "குழம்ப ஊத்திக்க. வாய் மட்டும் இல்லாட்டி உன்னை நாய் தூக்கிட்டுப் போயிருக்கும்" என்றாள்.

மறுநாள் விடிந்தது. கால்வாயில் ஒரு படகு இல்லை. பூவலிங்கம் ஒரு கம்பை ஊன்றிக்கொண்டு கரையில் நின்றான். அரண்மனைச் சமையல்காரி குடத்தோடு வந்து படியில் இறங்கினாள். "நில்லுங்கள் அம்மா! குடத்தை முக்கினால் அலை எழும், உங்கள் குலம் வெளியேற வேண்டும்" என்றான். அவள் குடத்தைக் கவிழ்த்துக்கொண்டு ஓடினாள். பட்டத்து யானை குளிக்க வந்தது. பாகன் குலத்தை நினைத்துப் பார்த்து யானையைத் திருப்பிக்கொண்டு போனான். அரண்மனை அன்னங்களைப் பிடித்துக் கூடையில் அடைத்தாயிற்று. மதகு வழியாக விழும் தண்ணீர் அலை எழுப்புகிறதே என்று மதகையும் மூடினான். ஆற்றுத் தண்ணீர் பழைய ஓடை வழியாக வயல்களுக்குப் போயிற்று, குடியானவர்களுக்கு ஒரு குறையும் இல்லை.

திருமேனிநாதர் வேவு பார்க்கப் பல்லக்கில் வந்தார். அன்று என்ன தைரியமோ, கரையோரமாகவே வந்துவிட்டார். வாயில் வெற்றிலைச் சாறு நிரம்பியிருந்தது. வழக்கம்போலத் தலையை வெளியே நீட்டி, கால்வாயைப் பார்த்துக் கன்னத்தை உப்பினார். பூவலிங்கம் பாய்ந்து வந்து அவர் வாயைப் பொத்தினான்.

"ஐயையோ, நாயகரே! துப்பிவிடாதீர்கள்! ஒரு துளி விழுந்தாலும் அலைதான். தங்கள் குலத்தையே நான் வெளியேற்ற வேண்டிவருமே!"

மனிதர் விழி பிதுங்க அத்தனையையும் விழுங்கினார். அன்று முதல் அவர் எங்கே போனாலும் ஓர் ஆள் எச்சில் படிக்கத்தை ஏந்திக்கொண்டு கூடவே போகும்படி பூவலிங்கம் ஏற்பாடு செய்தான். தெருவில் பெண்கள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார்கள்.

முதல் சில நாட்கள் ராஜாவுக்கு ஒரே கொண்டாட்டம். கண்ணாடிபோல் தண்ணீர். ராணியை எழுப்பி எழுப்பிக் காட்டினார். ராணிக்குக் கோபம், ஏனென்றால் குளிக்கத் தண்ணீர் இல்லை. பிறகு உப்பு தீர்ந்தது. மாட்டு வண்டியில் வந்த உப்பு வழியில் மழையில் கரைந்துபோனது. ராஜா உப்பில்லாத பருப்பைப் பிசைந்துகொண்டு கூரையைப் பார்த்தார்.

அதற்குப் பிறகு நிழல் அரண்மனையின் கோபுரத்தில் ஒரு பச்சைப் புள்ளி தெரிந்தது. பிறகு மதிலில் ஒன்று. பிறகு கோட்டையே பச்சையாயிற்று. அடியில் சேறு ஏற ஏற, மேலே பாசி தடித்தது. ஒரு கொக்கு இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்கு நடந்தே போனதை ராஜா தன் கண்ணால் பார்த்தார். சாயங்காலமானால் கொசு. ராஜா, சேவகன், குதிரை என்று அது பேதம் பார்க்கவில்லை.

ராஜா பூவலிங்கத்தைப் படித்துறைக்குக் கூப்பிட்டார். "எங்கே எனது இரண்டாவது அரண்மனை?"

"கீழே பத்திரமாக இருக்கிறது, மன்னா. மேலே போர்த்தி வைத்திருக்கிறோம்."

திருமேனிநாதர் துள்ளினார். "மன்னவா! இவன் கால்வாயைக் கெடுத்துவிட்டான்!"

பூவலிங்கம் ஒரு பெரிய கல்லை எடுத்துக் கால்வாயில் எறிந்தான். பொத்தென்று பாசிமேல் விழுந்த கல் அங்கேயே உட்கார்ந்துகொண்டது. ஒரு நெளிவு இல்லை.

"அலை எழலாகாது என்றீர்கள். இப்போது கல்லை எறிந்தாலும் எழவில்லை. இதைவிட நன்றாக ஆணையைக் காக்க எனக்குத் தெரியவில்லை, மன்னா."

ராஜாவுக்குச் சிரிப்பு முட்டியது. ஆனால் ஒரு கொசு கன்னத்தில் உட்காரவே, அதை அடித்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

விழா நாள் வந்தது. கரை கொள்ளாத கூட்டம். படகுக்காரர்களும் காயலிலிருந்து நடந்து வந்து ஒதுங்கி நின்றார்கள். மருதாயி பழக்க தோஷத்தில் கழியையும் கூடையையும் கையோடு கொண்டுவந்திருந்தாள். படித்துறையில் பொன் பூசிய ராஜபடகு பாசியில் புதைந்து நின்றது. ராஜா ஏறினார். ராணி கெட்டிக்காரி, "நீங்கள் முதலில் போங்கள்" என்று படியிலேயே நின்றுவிட்டார்.

"துடுப்புப் போடுங்கள்!"

துடுப்புக்காரர்கள் துடுப்பை மார்போடு அணைத்துக்கொண்டார்கள். "மன்னிக்கணும் மகாராசா. துடுப்பப் போட்டா அலை வரும். எங்களுக்குப் புள்ளகுட்டி இருக்கு."

ராஜா திருமேனிநாதரைப் பார்த்தார். "நாயகரே, நீர் இறங்கித் தள்ளும்."

"அடியேனுக்கு… அடியேனுக்கு இரண்டு நாளாகச் சளி, மன்னா."

பூவலிங்கம் முன்னால் வந்தான். "வழி திறக்கத் தெரிந்தவர்கள் அதோ நிற்கிறார்கள், மன்னா. ஆனால் அவர்கள் கால் வைத்தால் அலை எழும். அப்புறம் அவர்கள் வாழ்நாள் முழுவதும் தரையில் கிடக்க வேண்டியதுதான்."

"அப்படியானால் ஆணையைத் திரும்பப் பெறுகிறேன்!"

"கூடாது, மன்னா!" என்று திருமேனிநாதர் அலறினார். "சபையில் சொன்ன சொல். விழாவன்றே திரும்பப் பெற்றால், ஒரு விகடகவியிடம் மன்னர் தோற்றார் என்று ஊர் பேசும். அந்தப் படகுக்காரர்களை இறங்கச் சொல்லுங்கள். ஆணை தன் வேலையைச் செய்யட்டும்."

முதல் பாசியை ராஜாவையே கையால் எடுக்கச் சொல்லி, முதல் அலையை அவரே எழுப்பும்படி செய்யலாம் என்றுதான் பூவலிங்கம் நினைத்து வைத்திருந்தான். இந்த மனிதர் முந்திக்கொண்டாரே! ராஜா தலையசைத்துவிட்டால் அக்காளின் கதி என்ன?

ராஜாவோ பொறுமையிழந்துவிட்டார். "இவரும் இறங்க மாட்டார், அவர்களும் இறங்கக் கூடாது, ஆணையும் போகக் கூடாது என்றால் நான் என்னதான் செய்வது?" என்று காலை ஓங்கி ஒரு மிதி மிதித்தார். படகு ஒருபக்கமாகச் சாய்ந்தது.

தொபுக்கடீர்!

பாசி இரண்டாகக் கிழிந்தது. கறுத்த தண்ணீர் வளையம் வளையமாக எழுந்து இரு கரையிலும் மோதியது. நடுவில், மார்பளவு தண்ணீரில், கிரீடத்தின்மேல் பாசி தொங்க, ராஜா நின்றார்.

பூவலிங்கம் கை கூப்பி, ஈனக்குரலில், "அலை" என்றான்.

ராஜா தன்னைச் சுற்றிப் பார்த்தார். பாசி விலகிய இடத்தில், அலை தள்ளாட, அவருடைய அரண்மனை தெரிந்தது. ஒன்றல்ல. துண்டு துண்டாகக் கோபுரம், துண்டு துண்டாக மாடம், ஒவ்வொன்றிலும் ஒரு சூரியன்.

"அடேய் பூவலிங்கம்!" என்று கத்தினார். "இத்தனை நாள் எனக்கு இரண்டே அரண்மனை. இப்போது பாரடா, எண்ண முடியவில்லை!" என்று சிரிக்கத் தொடங்கினார். அவர் சிரிக்கச் சிரிக்க அலை எழுந்தது, அலை எழ எழ அவருக்குச் சிரிப்பு வந்தது. கரையும் சேர்ந்து சிரித்தது. திருமேனிநாதர் மட்டும் படிக்கத்தைத் தேடிக்கொண்டிருந்தார்.

மருதாயி கழியை நீட்டினாள். "இதப் புடிச்சிக்கிட்டு ஏறுங்க, சாமி." ராஜா கழியைப் பிடித்தார். அவள் இழுக்கவில்லை. ஏதோ யோசித்தவளாய், இடுப்பிலிருந்த கூடையை அவரிடம் நீட்டினாள்.

"எறங்கினது எறங்கிட்டீங்க. ஒரு கூடை அள்ளிக் குடுத்துட்டு ஏறுங்களேன். இன்னிக்கு விழாச் சமையல். அள்ளாம அடுப்பு மூட்டப்படாது."

பூவலிங்கம் கண்ணை மூடிக்கொண்டான். அக்காளின் தலை போயிற்று என்றே நினைத்தான். கண்ணைத் திறந்தபோது ராஜா குனிந்து சேறு அள்ளிக்கொண்டிருந்தார். கூடையைக் கொடுத்துவிட்டு, "இதைத் தினமுமா செய்கிறீர்கள்?" என்று கேட்டார்.

"படகு கட்டற எடத்துல எல்லாம் செய்வோம், சாமி. நாங்க போய் வந்து அள்ளிக்கிட்டே இருந்தாத்தான் தண்ணி தண்ணியா இருக்கும். கரை நாறுதுன்னு எங்க மேலதான் பழி."

ராஜா நீர்வழி நாயகரை ஒரு பார்வை பார்த்தார். பிறகு எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார். "அலை எழுப்பியவர் யாராயினும் குலத்தோடு வெளியேற வேண்டும் என்றேன். எழுப்பியவன் நான். நான் வெளியேறினால் ஆணையிட ஆளில்லை. நான் வெளியேறாவிட்டால் வேறு யாரையும் வெளியேற்ற எனக்கு வாயில்லை. ஆகவே ஆணை இந்தச் சேற்றோடு போயிற்று! படகுகள் வரட்டும்."

மதகு திறந்தது. படகுக்காரர்கள் காயலுக்கு ஓடினார்கள். அங்கிருந்து படகுகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து, பாசியை விலக்கி, கூடை கூடையாய் அள்ளிப் போட்டன. ராஜபடகு நகர்ந்தது. அன்றைய விருந்தில் உப்பு இருந்தது. ராஜா மூன்றாம் தடவை சாம்பார் கேட்டார்.

ராஜா தன் கழுத்து முத்துமாலையைக் கழற்றிப் பூவலிங்கத்துக்குப் போட்டு, "இன்னும் என்ன வேண்டும், கேள்" என்றார்.

"ஒன்றே ஒன்றுதான், மன்னா. கால்வாய்க்கு யார் அதிகாரியானாலும், அவர் குடியிருப்பு ஒரு படகில்தான் இருக்க வேண்டும்."

ராஜா மறுபடியும் சிரித்தார். திருமேனிநாதர் அன்றைக்கே மருதாயியின் படகில் குடியேறினார். நீச்சல் தெரியாத ஆளாயிற்றே, மருதாயி அவர் இடுப்பிலும் ஒரு கயிறு கட்டி, கடைக்குட்டியின் கயிற்றுக்குப் பக்கத்தில் நடுக்கம்பத்தில் முடிந்துவிட்டாள். முதல் வாரத்தில் அவரை அடிக்கடி இழுத்துப் போட வேண்டியிருந்தது. பிறகு மனிதர் தானாகவே கூடை அள்ளப் பழகினார். மீன் குழம்புக்கு நாக்கும் பழகிவிட்டது. அடுத்த ஆடிக்குள், "மதகை எப்போது திறப்பது என்று எனக்குத் தெரியாதா?" என்று மருதாயியோடு சரிக்குச் சரி சண்டை போடுகிற அளவுக்குத் தேறிவிட்டார். தரையில் படுத்தால் தூக்கம் வருவதில்லை என்று மனைவியிடம் புலம்பினாராம்.

ராஜா இப்போதும் விடிந்ததும் மேல்மாடத்துக்கு வருவார். முதல் உப்புப் படகு வந்து தம் அரண்மனையை உடைக்கும்வரை காத்திருப்பார். படகு வரத் தாமதமானால், மாடத்திலிருந்து அவரே ஒரு கல்லை எடுத்து எறிந்துவிட்டுத்தான் பல் விளக்கப் போவார்.